குன்னூர் பழைய சாமான் கடையில சிக்குன பில்லியர்ட்ஸ் கியூ ஸ்டிக்: பாலிஷ் போடலாமா, அப்படியே விடலாமா?

#1 கோவை_பாட்டர்
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு குன்னூர் போயிருந்தேன், சாப்பாட்டுப் பந்திக்கு நேரம் இருந்துச்சுன்னு மார்க்கெட் பக்கம் நடந்தப்போ ஒரு பழைய சாமான் கடை. உடைஞ்ச கிராமபோன் குழாய், பீங்கான் சாடி, ஓடாத சுவர்க்கடிகாரம், அதுக்கெல்லாம் பின்னாடி மூலையில ஒரு ட்ரம். அதுல வாக்கிங் ஸ்டிக், குடைக்காம்போட சேர்த்து 5 பில்லியர்ட்ஸ் ஸ்டிக் சொருகி வச்சிருந்தாரு.

ஒண்ணு வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. ஒண்ணை யாரோ வெட்டி ரெண்டு பக்கமும் கொக்கி அடிச்சு கர்ட்டன் கம்பியா ஆக்கியிருக்காங்க. ரெண்டு உளுத்துப்போச்சு, கையில எடுத்தாலே மாவு கொட்டுது. அஞ்சாவது மட்டும் கையில பிடிச்சதும் விட மனசு வரல. கருப்பு பட் (கையில பிடிக்கிற தடிச்ச அடிப்பக்கம்), முன்னாடி தேன் கலர் மரம், பட்ல ஒரு நீள்வட்ட வெள்ளைத் தகடு, அதுல எழுத்து பாதி அழிஞ்சு "...ரோஸ் அண்ட் வாட்ஸ், சோஹோ ஸ்கொயர், லண்டன்"னு கஷ்டப்பட்டுப் படிக்கலாம். 4,500 சொன்னாரு, 2,800க்கு முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து அம்மாவோட சமையல் தராசுல வச்சேன், 455 கிராம். நீளம் 56 அரை இன்ச். டிப் (பந்தை அடிக்கிற நுனித் தோல்) காஞ்ச கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிடுச்சு. அதுக்குக் கீழ இருக்க பித்தளை ஃபெரூல் (பூண்) லூசா சுத்துது. பட்டோட அடியில ஒரு மூலையில கட்டைவிரல் நகம் அளவு கருப்பு மரம் பெயர்ந்து போயிருக்கு.

என் பிளான் இதான்: 120 நம்பர் உப்புத்தாள் போட்டு அழுக்கு மொத்தமும் உரிச்சு, பியூ பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சு, நடுவுல வெட்டி ஜாயின்ட் போட்டுக்கலாம்னு, பைக்ல எடுத்துட்டுப் போக வசதியா இருக்கும். லேத் கடைக்காரர் தெரிஞ்சவர்தான். தப்பு இருந்தா சொல்லுங்க.

#2 பழைய_ஆஷ்
தம்பி, கையில இருக்க உப்புத்தாளை கீழ வைங்க. அப்புறம் பேசுவோம்.

முதல்ல எனக்கு ரெண்டு விஷயம் வேணும். கருப்பு மரமும் வெளிர் மரமும் சேர்ற இடத்துல நாலு முனை இருக்கும்ல, அந்த முனை ஊசி மாதிரி கூர்மையா இருக்கா இல்ல நாக்கு நுனி மாதிரி மழுங்கி வளைஞ்சிருக்கா? நாலும் ஒரே உயரத்துல நிக்குதா? அடுத்தது, அந்த வெள்ளைத் தகட்டை வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, உள்ள கோடு எதாவது தெரியுதான்னு.

லேத் கடைக்காரர் நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. ஆனா இப்போதைக்கு அவருக்கு போன் பண்ணாதீங்க.

#3 கட்டிங்_மணி
வளைஞ்சு போன ஸ்டிக்கை ஏன் விட்டுட்டு வந்தீங்க ப்ரோ, எங்க ஊரு ஸ்னூக்கர் பார்லர்ல நான் ஆடுற ஆட்டத்துக்கு அதுதான் கரெக்டா இருக்கும் 😂

#4 கோவை_பாட்டர்
@பழைய_ஆஷ் அண்ணே, நாலு முனையும் மழுங்கித்தான் இருக்கு. உயரமும் ஒண்ணா இல்ல, ஒண்ணு மத்ததை விட அரை இன்ச் கீழ நிக்குது. அது தப்பா செஞ்சதுன்னு நினைச்சேன். தகட்டுல கோடு எதுவும் தெரியல, ஆனா விரல் வச்சு தேய்ச்சா ஒரு மாதிரி வாசனை வருது.

#5 பழைய_ஆஷ்
அது தப்பு இல்ல தம்பி, அதுதான் கையெழுத்து. மெஷின்ல ஸ்ப்ளைஸ் பண்ணா, அதாவது ரெண்டு மரத்தையும் சேர்த்து ஒட்டுனா, ரெண்டு கட்டையையும் வி வடிவத்துல அறுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி பிரஸ் பண்ணுவாங்க, அதனால நாலு முனையும் ஊசி மாதிரி ஒரே உயரத்துல வரும். கையால செய்றவர் அப்படி செய்ய மாட்டாரு. முன்பக்கத்து வெளிர் மரம், அதான் ஆஷ், அந்தக் கட்டையோட அடிப்பக்கத்தை நாலு பக்கமும் இழைப்புளி வச்சு சரிவா சீவி, ஒவ்வொரு பக்கமா கருங்காலித் துண்டை ஒட்டி, பசை காய்ஞ்சதும் அடுத்த பக்கம், அப்படி நாலு தடவை ஒட்டி அப்புறம்தான் உருட்டி இழைப்பாரு. வட்டமா இழைக்கும்போது முனை தானா மழுங்கி வளைஞ்சுரும். அரை இன்ச் வித்தியாசம்ங்கிறது அன்னைக்கு அந்த ஆளோட கை எப்படி போச்சுங்கிறது, அவ்வளவுதான்.

பரோஸ் அண்ட் வாட்ஸ் 1836ல லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி, சோஹோ ஸ்கொயர்லதான் ஷோரூம் இருந்துச்சு. இந்தியால வெள்ளைக்காரன் கிளப்புக்கு மேஜையும் கியூவும் கப்பல்ல வந்த காலம். அதனால நீலகிரில இப்படி ஒண்ணு கிடைக்கிறது அதிசயம் இல்ல. அது எந்த வருஷத்துதுன்னு போட்டோ பாத்து சொல்றேன்னு யாராவது வந்தா நம்பாதீங்க, பல வருஷமா ஒரே மாதிரி தகடு போட்டிருக்காங்க.

தகடு விஷயம். அந்தக் காலத்துல தந்தம், எலும்பு, செல்லுலாய்ட் (அந்தக் காலத்து பிளாஸ்டிக்)னு மூணுலயும் போட்டிருக்காங்க. தந்தம்னா குறுக்கு வெட்டுல வலை பின்னுன மாதிரி ஒண்ணை ஒண்ணு வெட்டுற கோடு தெரியும். எலும்புன்னா சின்னச் சின்ன கருப்புப் புள்ளி, கோடு. செல்லுலாய்ட்னா தேய்ச்சா கற்பூர வாசனை வரும், ஏன்னா அதை செய்றதே கற்பூரம் கலந்துதான். உங்களுக்கு வந்த வாசனை அதானான்னு பாருங்க.

சூடான ஊசி வச்சு டெஸ்ட் பண்ணுன்னு யூடியூப்ல சொல்லுவான், செய்யவே செய்யாதீங்க, செல்லுலாய்ட் குப்புனு பத்திக்கும்.

#6 கட்டிங்_மணி
கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்றதுக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல

#7 கோவை_பாட்டர்
அம்மாகிட்ட கொடுத்து மோந்து பாக்கச் சொன்னேன், "சாமி ரூம் வாசனை வருதேடா"ன்னாங்க. அப்போ செல்லுலாய்ட். கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருக்கு.

#8 பழைய_ஆஷ்
ஏமாத்தமே வேண்டாம், சந்தோஷப்படுங்க. தந்தமா இருந்தா தலைவலி. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வாங்குறது விக்கிறது எல்லாமே சிக்கல், பழசுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கிலாந்துலயும் 2022லருந்து தந்தச் சட்டம் அமலுக்கு வந்து பழைய கியூ விக்கிறவனெல்லாம் தகட்டைப் பாத்துப் பாத்துத்தான் விக்கிறான்.

இன்னொண்ணு, செல்லுலாய்டுக்கும் நம்ம ஆட்டத்துக்கும் பழைய சொந்தம். பில்லியர்ட்ஸ் பந்து எல்லாம் தந்தத்துல செஞ்ச காலம், யானை தாங்கல, விலை ஏறிப்போச்சு. 1860கள்ல அமெரிக்காவுல ஃபீலன் அண்ட் காலெண்டர்ங்கிற பில்லியர்ட்ஸ் கம்பெனி தந்தத்துக்கு மாத்து கண்டுபிடிச்சா 10,000 டாலர்னு அறிவிச்சுது, அதைப் பாத்துட்டுத்தான் ஜான் வெஸ்லி ஹயட் உக்காந்து சோதனை பண்ணி செல்லுலாய்ட் வரைக்கும் வந்தாரு. உங்க கியூவுல இருக்க அந்த குட்டித் தகடு அந்தக் கதையோட மிச்சம்தான்.

#9 ரெட்பால்_ராஜேஷ்
அண்ணே ஒரு சந்தேகம். ஸ்னூக்கர் கண்டுபிடிச்சதே ஊட்டி கிளப்லதான? குன்னூர்ல கிடைச்சதுன்னா சேம்பர்லின் பிடிச்ச ஸ்டிக்கா கூட இருக்கலாமே? லட்சக்கணக்குல போகும் ப்ரோ, விட்டுராதீங்க!!

#10 பழைய_ஆஷ்
வந்துட்டாரு பாருங்க.

கண்டுபிடிச்சது ஜபல்பூர்ல, 1875ல, மழைக்காலத்துல வேற வேலை இல்லாம ஆஃபீசர் மெஸ்ல ஆடிட்டிருந்தப்போ. நெவில் சேம்பர்லின்னு ஒரு இளம் ஆஃபீசர் பிளாக் பூல்ங்கிற பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்துல கலர் பந்தைக் கூட சேர்த்தாரு. 'ஸ்னூக்கர்'னா வூலிச் மிலிட்டரி அகாடமியில முதல் வருஷ பையனுக்கு வச்ச கேலிப் பேரு, ஒருத்தன் ஈசி பந்தை மிஸ் பண்ணப்போ இவர் அப்படி கூப்பிட்டு, அதுவே ஆட்டத்துக்குப் பேரா நின்னுச்சு. ஊட்டி வர்றது 1882ல, அங்க கிளப் பில்லியர்ட்ஸ் ரூம்ல ரூல்ஸை எழுதி மாட்டுனாங்க. இதெல்லாம் அவரே 1938ல தி ஃபீல்ட் பத்திரிகைக்கு எழுதுன லெட்டர்ல சொன்னது. பின்னாடி பிரிட்டன் பிரதமரா இருந்த சேம்பர்லின் வேற ஆளு, அதையும் சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

மத்தபடி நீலகிரில பிளான்டர் கிளப், பங்களா, மிலிட்டரி மெஸ்னு எவ்வளவோ மேஜை இருந்திருக்கு. கடைக்காரன் சொல்ற கதைக்கு காசு கொடுக்காதீங்க, கட்டைக்கு மட்டும் கொடுங்க. 2,800 கட்டைக்கே தகும்.

#11 ஜெர்சி_தமிழன்
லேட்டா வர்றேன், இது நம்ம ஏரியா. ஆனா நான் பூல் கியூ பக்கம், கொஞ்சம் வேற உலகம். இங்க நியூஜெர்சிலருந்து வீக்கெண்ட் ஆனா பென்சில்வேனியா பக்கம் ஆன்டிக் கடை, கராஜ் சேல்னு சுத்துறது 8 வருஷப் பழக்கம், மனைவி கார்லயே உக்காந்துப்பாங்க, "15 நிமிஷம்"னு சொல்லிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட வருவேன்.

இங்க நாங்க தேடுறது பிரன்ஸ்விக் கம்பெனியோட டைட்லிஸ்ட். பூல் ஹால் சுவர்ல ஸ்டாண்ட்ல நிக்கிற ஒரே துண்டு கியூ, ஓசியில எல்லாரும் எடுத்து ஆடி தரையில இடிச்சது. வில்லி ஹாப் பேரு போட்டு வந்தது. அவர் 1906லருந்து 1952 வரைக்கும் 51 உலகப் பட்டம் அடிச்ச மனுஷன். இதுல முனை நாலும் கூர்மையா இருக்கும், அதுக்குக் கீழ கலர் கலரா மெல்லிசு மரப்பட்டை வச்சு கோடு போட்டிருப்பாங்க. ஆஷ் இல்ல, முன்பக்கம் மேப்பிள், கிரெயின் (மரத்தோட நார்க்கோடு) கண்ணுக்கே தெரியாது, டிப் 13 மில்லிமீட்டர், உங்க ஸ்னூக்கர் டிப் பக்கத்துல வச்சா யானைக்கால் மாதிரி இருக்கும்.

சுவாரசியம் என்னன்னா, இங்க வெட்டுறது பாவமே இல்ல. ஜார்ஜ் பலபுஷ்கான்னு நியூயார்க்ல ஒருத்தர், 1912ல ரஷ்யால பொறந்தவர், 1959ல கியூ செய்ய ஆரம்பிச்சப்போ இந்த டைட்லிஸ்ட் கட்டையை எடுத்து வெட்டி, ஜாயின்ட் போட்டு, புதுசா பட் முடிச்சுத்தான் கொடுத்தாரு. 1975ல இறந்துட்டாரு, இன்னைக்கு அவர் கியூ ஒண்ணோட விலையில ஒரு கார் வாங்கலாம். அதனால கோவை தம்பி ஜாயின்ட் போடணும்னு கேட்டதுல குத்தம் இல்ல, அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

#12 பழைய_ஆஷ்
@ஜெர்சி_தமிழன் நீங்க சொல்றது உங்க ஊருக்குச் சரி. அங்க ஆயிரக்கணக்குல ஹவுஸ் கியூ (ஹால்ல எல்லாரும் பொதுவா எடுத்து ஆடுறது) செஞ்சு தள்ளுனான், வெட்டுனாலும் இன்னொண்ணு கிடைக்கும். இங்க கையால ஸ்ப்ளைஸ் பண்ண ஒரு துண்டு கியூவை நடுவுல அறுத்தா அதிர்வு மாறிடும், நம்ம ஊரு லேத்ல நடுமையம் அரை நூல் விலகுனா போதும், ஆயுசுக்கும் கோணல்தான். பைக்ல போக முடியலன்னா பஸ்ல போங்க.

#13 ஜெர்சி_தமிழன்
அண்ணே "அதிர்வு மாறிடும்" சரி, மாறுனா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? ஜாயின்ட் போட்ட கியூவுலதான் இன்னைக்கு உலகமே ஆடுது. அலமாரியில வச்சுப் பாக்கவா வாங்குனாரு? ஆடத்தானே? ஆடாத கியூ வெறும் குச்சி.

#14 பழைய_ஆஷ்
ஆடட்டும், யார் வேண்டாம்னா. வெட்டாம ஆடட்டும்.

#15 கொழும்பு_கியூ
வணக்கம், நான் கொழும்பிலயிருந்து. இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான், இந்த இழையைப் பாத்து எழுதாம இருக்க ஏலாமப் போச்சு. எங்கட அப்பா பில்லியர்ட்ஸ் பைத்தியம், 1973ல பம்பாயில எங்கட இலங்கை ஆட்டக்காரர் லஃபீர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா சோறு ஆறிப்போகும். அவர் வச்சிருந்த ஒரு பழைய கியூவை நான்தான் போன வருசம் திருத்தினனான், அதில ஒரு பிழை விட்டனான், அதைச் சொல்லத்தான் வந்தனான்.

லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசிப்போட்டு அந்தத் துணியைச் சுருட்டி பிளாஸ்டிக் வாளிக்குள்ள எறிஞ்சிட்டு கடைக்குப் போயிட்டன். ரெண்டு மூண்டு மணித்தியாலம் கழிச்சு வந்து பாத்தா வீட்டுக்குள்ள கருகல் மணம். வாளியின்ர அடி உருகி, துணி நடுவில கறுத்துப் புகைஞ்சு கொண்டிருக்கு. நெருப்புக்குச்சி கிட்டவே போகேல்லை. அந்த எண்ணெய் காயேக்க தானாச் சூடாகும், விரிச்சுப் போட்டா சூடு காத்தில போயிடும், சுருட்டி வச்சா உள்ளுக்க ஏறி ஏறி பத்தும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். தம்பி, எண்ணெய் பூசினா துணியை வெளியில விரிச்சுக் காயப் போடுங்கோ, இல்லாட்டி தண்ணிக்குள்ள அமத்துங்கோ.

மனுசி இண்டைக்கும் சொல்லிக் காட்டுவா.

#16 கோவை_பாட்டர்
ஐயோ, நான் அதே மாதிரி சுருட்டித்தான் போட்டிருப்பேன். நன்றிங்க அண்ணா.

சரி, உப்புத்தாள் 120 கேன்சல். வெட்டுறதும் இப்போதைக்கு கேன்சல் (ஜெர்சி அண்ணே மன்னிச்சுக்கோங்க). அப்போ என்னதான் செய்யறது? ஒண்ணும் செய்யாம விடறதா? 56 அரை இன்ச் சின்னதா இருக்கேன்னு வேற ஒரு கவலை.

#17 பழைய_ஆஷ்
நீளம் கவலை வேண்டாம். ரூல் கேக்குறது 3 அடிக்குக் குறையக் கூடாதுன்னு மட்டும்தான். இப்போ கடையில வர்றது 57, 58, உங்களுக்கு ஒரு இன்ச் குறைவு, பழகிரும்.

வேலை எப்படின்னு சொல்றேன், அவசரப்படாம ஒரு வாரம் எடுத்துக்கோங்க. முதல்ல கோணல் பாருங்க. மேஜையில உருட்டிப் பாக்கறது ஏமாத்தும், கியூ ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்தது, நேரா இருக்கறதே ஆடுற மாதிரி தெரியும். பட்டைத் தாடையில வச்சு ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியை நேர் வச்சுப் பாருங்க, மெதுவா சுத்திக்கிட்டே. கொஞ்சம் வளைவு இருந்தா ஆட முடியும், எந்தப் பக்கம்னு தெரிஞ்சு பிடிச்சா போதும்.

அழுக்குக்கு, பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு பிழிஞ்சுட்டு, ஈரமே இல்லங்கிற அளவுக்கு வச்சு, முன்பக்க ஆஷ்ல மட்டும் தேய்ங்க. கருங்காலிப் பக்கம் பழைய ஷெல்லாக் (அரக்கு) பாலிஷ் இருக்கும், ஸ்பிரிட் பட்டா கரைஞ்சு வந்துடும், அங்க வெறும் ஈரத்துணி, உடனே காஞ்ச துணி. தகட்டுப் பக்கமே ஸ்பிரிட் போகக்கூடாது, எழுத்து மிச்சம் இருக்கறதும் போயிரும்.

குழி இருந்தா நனைஞ்ச துணியை அந்த இடத்துல மட்டும் வச்சு இஸ்திரிப் பெட்டி நுனியை ரெண்டு மூணு செகண்ட் தொட்டு எடுங்க. அமுங்குன நார் தண்ணி குடிச்சு மேல வரும். இது மந்திரம் மாதிரி இருக்கும், அதுக்காக எல்லா இடத்துலயும் பண்ணாதீங்க, ஸ்ப்ளைஸ் பக்கம் சூடு போனா பழைய பசை விட்டுரும். கடைசியா 1000, அப்புறம் 2000 பேப்பர், நீளவாக்குல, தடவிக் கொடுக்குற மாதிரி. எண்ணெய் ரெண்டு சொட்டு. கொழும்பு அண்ணன் சொன்ன துணி விஷயம் மறக்காதீங்க.

#18 தச்சன்_மகன்
நான் பரம்பரையா மரவேலை. @பழைய_ஆஷ் சொன்னது எல்லாம் சரி, ஒரு இடத்துல மட்டும் சேர்க்கிறேன். வளைஞ்சு போன ஸ்டிக்கை ஆவியில காட்டி நிமிர்த்தித் தர்றேன்னு சில பேர் சொல்லுவாங்க. நிமிரும். அடுத்த மழைக்கு திரும்பவும் வளையும், மரத்துக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. ஸ்டிக்கை சுவர்ல சாய்ச்சு வைக்கிறதாலதான் பாதி வளைவு, ஆணியில நேரா தொங்க விடுங்க இல்லைன்னா படுக்க வைங்க. அப்புறம் கருங்காலியை உரசும்போது மூக்கைக் கட்டிக்கோங்க, தூசி ஆகாது, எங்க அப்பாவுக்கு அதனாலயே தும்மல் நிக்காது.

பெயர்ந்த இடத்துக்கு மெழுகு, கருப்பு எம்சீல் எல்லாம் அடைக்காதீங்க. அதே மரத்துல சின்ன துண்டு வச்சு நார் ஓட்டம் பாத்து ஒட்டுனாத்தான் நிக்கும். பழைய கருங்காலி கிடைக்கிறதுதான் கஷ்டம், புதுசு வச்சா கலர் சேராது.

#19 கோவை_பாட்டர்
அப்டேட். ரொம்ப பெருசா இருக்கும், மன்னிச்சுக்கோங்க.

முதல்ல ஒரு விபத்து. நான் ஆஃபீஸ் போன நேரத்துல அம்மா ஃபெரூல் பச்சை பிடிச்சிருக்கேன்னு பாத்துட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சு, தண்ணியில காமிச்சு கழுவி வச்சிருக்காங்க. பித்தளை தங்கம் மாதிரி பளபளன்னு இருக்கு, அதை ஒத்துக்கணும். ஆனா அதுக்கு கீழ ரெண்டு இன்ச் மரம் தண்ணி குடிச்சு மயிர்க்கூச்செறிஞ்ச மாதிரி நார் எழும்பிடுச்சு. "நல்லதுக்குத்தானேடா பண்ணேன்"னு முகம் வாடிப்போச்சு, நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் நிழல்ல காயவிட்டு 1000 பேப்பர் போட்டதும் படிஞ்சிருச்சு. லூசா இருந்த ஃபெரூலைக் கழட்டி உள்ள ஒரு சுத்து மெல்லிசு பேப்பர் கொடுத்து அரால்டைட் போட்டு உக்கார வச்சுட்டேன்.

அடுத்து ஸ்பிரிட் பஞ்சு. முதல் பஞ்சு தார் ரோடு கலர்ல வந்துச்சு. எத்தனை பேர் கையோட வேர்வை, எத்தனை பேர் டிப்ல தடவுன சாக் தூள். ஏழெட்டு பஞ்சுக்கு அப்புறம் ஆஷ்ல அம்புக்குறி அம்புக்குறியா கிரெயின் எழுந்து வந்துச்சு பாருங்க, டிப்லருந்து கீழ வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன மாதிரி. ராத்திரி 1 மணி, ஹால் லைட்டைப் போட்டு அப்பாவை எழுப்பிக் காமிச்சேன். "குச்சிய காமிக்கவா எழுப்புன"ன்னு கேட்டுட்டு திரும்பப் படுத்துட்டாரு.

இப்போ முக்கியமான விஷயம். பட் அடியில ஈரத்துணி வச்சு அழுக்கு எடுத்தப்போ ரெண்டு குத்து முத்திரை தெரிஞ்சுது. ஒரு இடத்துல 16. இன்னொரு இடத்துல, கொஞ்சம் கோணலா, வேற சைஸ்ல, 7. இது என்ன?

#20 பழைய_ஆஷ்
16 எடை. 16 அவுன்ஸ்னா 453, 454 கிராம் வரும். அம்மா தராசு 455 காமிச்சதுன்னு முதல் பதிவுலயே சொன்னீங்க, இத்தனை வருஷத்துல கியூ ஒரு கிராம் கூட இளைக்கல. இதுக்குத்தான் 120 பேப்பர் வேண்டாம்னேன், உரிச்சிருந்தா அந்த எண்ணும் போயிருக்கும், எடையும் போயிருக்கும்.

7 கோணலா வேற சைஸ்ல இருக்குன்னா கம்பெனி அடிச்சது இல்ல, பின்னாடி யாரோ அடிச்சது. கிளப்ல, மெஸ்ல கியூ ஸ்டாண்டுக்கு நம்பர் போட்டு வைப்பாங்க. அப்படித்தான் இருக்கணும்னு தோணுது.

தம்பி, மத்த நாலு கட்டையோட அடியைப் பாத்தீங்களா?

#21 ஜெர்சி_தமிழன்
இதைத்தான் நானும் கேக்க வந்தேன். போன் பண்ணுங்க ப்ரோ உடனே.

#22 கோவை_பாட்டர்
போன் பண்ணேன். கடைக்காரர் முதல்ல "விலையைத் திருப்பிக் கேக்கவா"ன்னு பதறிட்டாரு. அடியைப் பாத்து சொல்லுங்கன்னதும் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. உளுத்த ரெண்டும் போன வாரமே அடுப்புக்குப் போயாச்சாம். வளைஞ்சதுல ஒண்ணும் இல்ல. கர்ட்டன் கம்பியில கொக்கி அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல "நாலுன்னு போட்டிருக்கு சார்"ன்னாரு.

#23 கட்டிங்_மணி
சிரிக்க வந்தேன், புல்லரிக்குது

#24 கோவை_பாட்டர்
நேத்து லீவு போட்டுட்டு போய் எடுத்துட்டு வந்துட்டேன். 300 ரூபா. மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ல அதை மடியில வச்சுக்கிட்டு வந்தேன், பக்கத்து சீட்டு தாத்தா "பந்தல்காலா தம்பி"ன்னு கேட்டாரு.

ரெண்டையும் பக்கத்துல வச்சேன். அதே கை, அதே மாதிரி மழுங்குன முனை, இதுலயும் ஒரு முனை மட்டும் கீழ நிக்குது. தகடு இல்ல, அது இருந்த பள்ளம் மட்டும் இருக்கு. முன்பக்கம் பாதிக்கு மேல வெட்டிட்டாங்க, 31 இன்ச்தான் மிச்சம், கொக்கி ஸ்க்ரூ போட்டு கீறல் விட்டிருக்கு, ஆட முடியாது. ஆனா கருங்காலி நல்லா இருக்கு.

அதனால கேக்குறேன், திட்டாதீங்க. நாலுலருந்து நகம் அளவு துண்டு எடுத்து ஏழுல பெயர்ந்த இடத்துக்கு ஒட்டலாமா? தச்சன்_மகன் சொன்ன மாதிரி அதே மரம், அதே வயசு, கலரும் சேருது. ஆனா கையில ரம்பம் எடுத்தா மனசு வரல.

#25 தச்சன்_மகன்
எடுங்க. கொக்கி போட்டு கீறுன பக்கத்துலருந்து எடுங்க. நார் ஓட்டம் ரெண்டுலயும் ஒரே திசை இருக்கணும்.

#26 கொழும்பு_கியூ
நானும் எடுக்கச் சொல்லித்தான் சொல்லுவன். சகோதரத்தின்ர கிட்னி மாதிரி.

#27 ஜெர்சி_தமிழன்
பழைய_ஆஷ் அண்ணன் தீர்ப்பு வராம நான் வாயைத் திறக்க மாட்டேன் 🙂

#28 பழைய_ஆஷ்
ரெண்டு நாள் யோசிச்சேன். வெட்டாதேன்னு இந்த இழை முழுக்க கத்துனவன் நான்தான்.

நானே ஒரு காலத்துல ஒண்ணைக் கெடுத்திருக்கேன், இங்க சொன்னதில்ல. புரசைவாக்கத்துல ஒரு வீட்டைக் காலி பண்ணப்போ கிடைச்ச கியூ, கருப்புத் தகரக் குழாயோட, தகடு எல்லாம் பளிச்சுன்னு. எனக்கு 24 வயசு. புதுசு மாதிரி ஆக்குறேன்னு பவர் டிரில்லுல மாட்டி சுத்தவிட்டு பேப்பர் பிடிச்சேன். 10 நிமிஷத்துல தகட்டுல எழுத்து இல்ல, ஆஷ் ஒரு இடத்துல இடுப்பு மாதிரி ஒடுங்கிப் போச்சு. என்ன கம்பெனின்னு கூட எழுதி வைக்கல. தகரக் குழாய் மட்டும் இன்னும் இருக்கு, அதுல இப்போ காலண்டர் சுருட்டி வச்சிருக்கேன்.

நாலுலருந்து எடுங்க தம்பி. கொக்கி அடிச்ச பக்கம். ஆனா 4ன்னு நம்பர் இருக்க அடித்துண்டைத் தொடாம வச்சுக்கோங்க.

#29 கோவை_பாட்டர்
ஒட்டியாச்சு. தச்சன்_மகன் வீடியோ கால்ல ஒன்றரை மணி நேரம் கூட இருந்தாரு, அவருக்கு என் கடன் எப்படித் தீர்க்கறதுன்னு தெரியல. விளிம்பை விரல்ல தடவுனா மட்டும்தான் ஒட்டு தெரியுது. நாலு இப்போ ஏழு பக்கத்துல ஆணியில தொங்குது.

நேத்து சாயங்காலம் பார்லருக்கு எடுத்துட்டுப் போனேன். எல்லாரும் ரெண்டு துண்டு கியூவை பெட்டியிலருந்து எடுத்துத் திருகுறாங்க, நான் பஸ்ல முழுசா ஒரு குச்சியைத் தூக்கிட்டு வந்திருக்கேன். முதல் ரெண்டு ஃபிரேம் ஒண்ணும் சரியா வரல, கையில லேசா இருக்கு, நான் பழகுனது 18 அவுன்ஸ். மூணாவதுல எதோ பிடிபட்டுச்சு. பந்தைத் தொடும்போது டொக்குன்னு ஒரு சத்தம், என் பழைய கியூவுல இல்லாதது, பின்னங்கையில வந்து நிக்குது. 22 பாயின்ட் போட்டுட்டு ஈசியான ப்ளூ பந்து, நிதானமா குனிஞ்சு அடிக்கிறேன், டிப் தனியா பறந்து போய் பக்கத்து மேஜை பிங்க் பக்கத்துல விழுந்துச்சு. டிப்பை ஃபெவிக்விக் போட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி ஃபெரூல் மேல இருந்த எண்ணெயைத் துடைக்கல போல. பார்லரே சிரிச்சுது.

#30 பழைய_ஆஷ்
ஃபெரூல் மேல்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, 400 பேப்பரை கண்ணாடி மேல வச்சு சமமா தேய்ச்சுட்டு ஒட்டுங்க. டிப்போட அடியையும் லேசா தேய்ங்க. ராத்திரி முழுக்க தலைகீழா நிறுத்தி வைங்க.

22க்கு அப்புறம் ப்ளூ விட்டது டிப்போட தப்பா உங்க தப்பான்னு நான் கேக்க மாட்டேன்.

#31 கோவை_பாட்டர்
😀 வியாழக்கிழமை டிப் வாங்கப் போறேன். எல்க் மாஸ்டர் பிராண்ட் டிப் ஒரு டப்பாவா வாங்குனா சல்லிசு, எனக்கு அஞ்சு போதும். கோவையில யாருக்காவது பங்கு வேணும்னா சொல்லுங்க.

#32 கட்டிங்_மணி
எனக்கு ரெண்டு. அப்படியே அந்த வளைஞ்ச ஸ்டிக் இன்னும் கடையில இருக்கான்னு கேட்டு சொல்லுங்க, நிஜமாவே கேக்குறேன்.